ஒட்டுநாடாவில் ஓலைவேலை

பாடசாலை விடுமுறை தொடங்கியதும், "பிள்ளைகளை என்ன செய்வது?" என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகின்றது. கிளிவெட்டி போன்ற ஊர்களில் முன்னர் இக்கேள்விக்கு இடமிருந்ததில்லை. இரண்டு பனங்காயும் ஒரு தடியும் கிடைத்தால் வண்டில் உருளும்; ஓலைத்துண்டும் ஒரு முள்ளும் கிடைத்தால் காற்றாடி சுழலும். இன்றோ ஓலையைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. ஆனால், 'டக்ட் டேப்' என்னும் துணி ஒட்டுநாடாவைக் கடையிலே எளிதில் வாங்கலாம்.

இந்நாடா பிறந்ததும் ஒரு தாயின் கவலையால் எனலாம். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானியர் நமது திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசினர். அதே போரின் மறு ஆண்டில், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து வெடிமருந்துச் சாலையொன்றில் வெஸ்டா ஸ்டவுட் என்னும் பெண்மணி வேலை பார்த்துவந்தார். தோட்டாப் பெட்டிகளைக் காகித நாடாவால் ஒட்டியிருந்தனர். பிரிக்கும்போது அது கிழிந்துபோகும். சண்டைமுனையில் அந்தத் தாமதம் உயிரையே குடித்துவிடும். கடற்படையிலே இரண்டு மைந்தரை வைத்திருந்த அவ்வம்மையார் சும்மாயிருப்பாரா? துணியாலான நாடா வேண்டுமென்று, படமும் வரைந்து, சனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே 1943 பெப்ரவரியில் கடிதம் எழுதிவிட்டார். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தார் நாடாவைச் செய்தனர். 1972 டிசம்பரில் சந்திரனில் ஓடிய வாகனத்தின் மட்காட் உடைந்தபோது, விண்வெளி வீரர் நான்கு வரைபடத் தாள்களை இந்நாடாவால் ஒட்டிப் புதிய மட்காட் செய்துகொண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உடனே நாடாவைக் கையிலெடுப்பார்கள்!

மேலே பிளாஸ்ரிக், நடுவே துணி, கீழே பசை. இதுவே நாடாவின் அமைப்பு. நடுவிலுள்ள துணியின் இழையோட்டத்தால் கத்தரிக்கோலின்றியே நேராகக் கிழியும். ஓரடி நீளத் துண்டைப் பசைப்பக்கம் மேலே தெரிய வையுங்கள். அகலத்தில் மூன்றிலொரு பங்கை உள்ளே மடித்து, எஞ்சிய பசைப்பகுதியை அதன்மேல் மடித்தால் ஒட்டாத சார்வு ஒன்று கிடைக்கும். இப்படி எட்டுச் சார்வுகளை நெருக்கமாக அடுக்கி, அரையடிச் சார்வுகளைக் குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாக இழைத்து வாருங்கள். ஓரங்களை முழு நாடாவால் கட்டி, இரண்டாக மடித்துப் பக்கங்களை ஒட்டினால், மழைக்கு அஞ்சாத சில்லறைப் பை ஆயிற்று. நிறம் நிறமாய் நாடா கிடைத்தால் பாயிலே போடும் கோலங்களையும் போடலாம்.

இது பன்னவேலை அன்றி வேறென்ன? அம்மம்மாவைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஓலையிலே பெட்டி இழைத்த விரல்கள் நாடாவைக் கண்டு தயங்கமாட்டா. 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கிளிவெட்டி முகாமிலே ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. ஊரைவிட்டு ஓடுகிறவர் வளவையும் பனையையும் தூக்கிக்கொண்டு வர இயலாது. கைப்பழக்கம் ஒன்றே கூட வருவது. அதுவும் பேரப்பிள்ளையின் கைக்கு மாறாவிட்டால், அந்தக் கிழவியோடு போய்விடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கான கைப்பணியைத் தாமே செய்து கொடுத்துப் புள்ளி வாங்கும் தாய்தந்தையர் இக்காலத்தில் அதிகம். பிள்ளையின் பை கோணலாயிருந்தால் இருக்கட்டும். பிள்ளை உறங்கியபின் அதைப் பிரித்துத் திருத்தாதீர்கள்.

நாடா ஓலையைப் போல மக்கிப்போவதில்லை, எரிக்கவும் கூடாது. ஆகையால் ஒருநாள் விளையாட்டுக்குச் செலவிடாமல், நாட்படப் பயன்படும் பொருளையே செய்விக்கவேண்டும். தோலிலும் தலைமயிரிலும் ஒட்டவிடாதீர்கள். மேசையிலே பிசுபிசுப்பு எஞ்சினால் தேங்காயெண்ணெய் சிறிது தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போய்விடும்.