நிழலைத் துடைத்தல் தகுமோ?

படப்பிடிப்பு நிலையத்தார் முகத்தின் இருபுறமும் விளக்கேற்றி, நிழலைக் குற்றமெனத் துடைத்துவிடுகின்றனர். முதியோர் முகத்தின் சுருக்கங்களும் அதனுடன் தொலைகின்றன, எஞ்சுவது மாவுருண்டை. இதனை யான் ஏற்கேன்.

ஜூலியா மார்கிறற் கமரன் அம்மையார் 1863இல், தமது 48ஆம் வயதிலேதான் புகைப்படக் கருவியைக் கையேற்றார். இங்கிலாந்தின் வைற் தீவிலே, கண்ணாடி பதித்த கோழிக்கூடே அவருக்குப் படக்கூடம்! 1867இல் வானியலறிஞர் ஹேர்ஷலை அவர் எடுத்த படத்திலே, நரைமயிரும் கண்களும் இருளினின்றும் எழுகின்றன. 1879இல் நம் இலங்கையிலேயே மறைந்த அம்மையாரிடம் நாம் கற்கலாகாதா?

வீட்டில் ஒரு சாளரம் போதும். ஏனையவற்றை அடைத்திடுக. அதன் கீழ்ப்பாதியைச் சீலையால் மறைத்தால் ஒளி மேலிருந்து சரியும். பாட்டியாரைப் பக்கவாட்டில் இருத்தி, இருண்ட கன்னத்திலே சிறு முக்கோணமாய் ஒளி விழும்வரை முகத்தை மெல்லத் திருப்பச் சொல்லுக. கைப்பேசியின் பளிச்சொளியை மட்டும் அணைத்துவிடுக.