வேகத்தை விற்பவரின் பொறுப்பு

நான்கு கதவும் ஐந்து பேருக்கு இடமும் உள்ள குடும்பக் கார் ஒன்றினுள் பந்தயத்துக்கு நிகரான யந்திரத்தைப் பொருத்தி விற்கும் மோட்டார்க் கம்பெனி, அதை வாங்குகிறவரிடம் இரண்டு வாக்குறுதிகளை ஒருங்கே அளிக்கிறது. வேண்டும்போது அந்தக் கார் சீறிப் பாயும் என்பது ஒன்று. மற்ற நாட்களில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் அலுப்பின்றிப் போய்வரும் என்பது மற்றொன்று. முதல் வாக்குறுதிக்கு விளம்பரங்களே சாட்சி. இரண்டாவதற்குச் சாட்சியாக நிற்க வேண்டியது வாரண்டிப் பத்திரம்; அந்தப் பத்திரமோ, இவ்வகைக் கார்களைப் பொறுத்தவரை, காரின் சுபாவத்தைக் கருதாமல் எழுதப்பட்ட ஒன்றாகவே இன்றும் இருந்துவருகிறது.

என் அபிப்பிராயத்தை விளக்க, 2005 முதல் 2010 வரை பி.எம்.டபிள்யூ. நிறுவனம் விற்ற எம்5 காரை எடுத்துக்கொள்கிறேன். வில்லியம்ஸ் அணியின் ஃபார்முலா ஒன் கார்களுக்குப் பத்துச் சிலிண்டர் யந்திரங்களை அளித்துவந்த அந்நிறுவனம், அந்தக் கௌரவத்தைச் சாலைக்கும் கொண்டுவர விரும்பி, 5 லிட்டர் கொள்ளளவும் 507 குதிரைசக்தியும் நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறும் ஆற்றலும் கொண்ட பத்துச் சிலிண்டர் யந்திரத்தை ஒரு செடான் காருக்குள் அமைத்தது. 2005-இலும் 2006-இலும் உலகின் சிறந்த யந்திரம் என்ற சர்வதேச விருதை அது பெற்றது, பெற்றது நியாயமே. அதன் ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை.

ஆனால் அதே யந்திரத்தின் அடிவயிற்றில், கனெக்டிங் ராடும் கிராங்க்‌ஷாஃப்ட்டும் சேருமிடத்தில், நாணயத்தின் கனமே உள்ள அரைவட்டத் தகடுகள் இருக்கின்றன. பேரிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இத்தகடுகளுக்கும் சுழலும் தண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே அகலமுள்ள இடைவெளி விடப்பட்டிருக்கிறது. அதில் படர்ந்து நிற்கும் எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. இந்த யந்திரத்துக்கு விதிக்கப்பட்டதோ 10டபிள்யூ-60 என்ற மிகத் தடித்த ஆயில். அத்தனை குறுகிய இடைவெளியில் அத்தனை தடித்த எண்ணெய், குளிர்ந்த நிலையில் தக்கபடி பரவுவதில்லை என்பதே பேரிங் தேய்வுக்குக் காரணம் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளில் பலர் கருதுகிறார்கள். தயாரிப்பாளரும் இதன் நுட்பத்தை அறியாதவர் அல்லர். சுழற்சிமானியைச் சுற்றி வளைவாகச் சிறு விளக்குகளை வைத்து, யந்திரம் குளிர்ந்திருக்கையில் அவை பலவும் எரிந்து ஓட்டுபவரை எச்சரிக்கும்படியும், எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து மேற்கொண்டு செல்ல அனுமதிக்கும்படியும் அவரே அமைத்திருக்கிறார். முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 சுற்றைத் தாண்டலாகாது என்பதும், அதன் முடிவில் ஆயிலை மாற்றியாக வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனைகளே.

இவற்றையெல்லாம் சிரத்தையோடு அனுசரித்தவர்களின் கார்களிலும் பேரிங்குகள் தேய்ந்தன என்பதுதான் துக்கம். வாங்கியவர்கள் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் சிறிது பழைய எண்ணெயைக் குப்பியில் பிடித்து, பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, அதில் ஈயமும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பவர்போலக் கவலையுடன் படிக்கலானார்கள். சிலர் பரிசோதனையின் முடிவுக்கும் காத்திராமல், எஞ்சினுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தை இறக்கி, ஆயில் தொட்டியைக் கழற்றி, பேரிங்குகளை முன்னதாகவே மாற்றிவிடுகிறார்கள். இதற்குச் சில ஆயிரம் டாலர் செலவாகும். மாற்றத் தவறி, நெடுஞ்சாலையில் ராடு உடைந்து எஞ்சினைத் துளைத்துவிட்டாலோ, புதிய எஞ்சினுக்கு ஆகும் தொகை, பழைய காராக அதற்குச் சந்தையில் கிடைக்கும் விலையையே பல சமயங்களில் விஞ்சிவிடும்.

அமெரிக்காவில் இந்தக் காருக்கு அளிக்கப்பட்ட வாரண்டி நான்கு ஆண்டுகள் அல்லது 50,000 மைல், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. அதே நிறுவனத்தின் சாதாரணக் கார்களுக்கும் இதே கெடுதான். இதற்கு மாறாக, சிக்கன விலைக் கார்களை விற்ற ஹூண்டாய் கம்பெனி 1990-களின் இறுதியிலேயே அங்கே எஞ்சினுக்கும் கியருக்கும், முதல் உரிமையாளரைப் பொறுத்தவரை, பத்து ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் அளிக்கத் துணிந்தது. பெயரை நிலைநாட்ட வேண்டிய நிர்ப்பந்தம் அதற்கு இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும், பன்மடங்கு விலை கொடுத்தவருக்கு அதில் பாதிக் காலம்கூடப் பாதுகாப்பில்லை என்பதை எந்த நியாயத்தைக் கொண்டு சமாதானம் செய்வது?

வேகமாக ஓட்டுகிறவர்கள் யந்திரத்தைத் துன்புறுத்துகிறார்கள், அதற்கு நாங்கள் பொறுப்பாளிகளா என்று கம்பெனிகள் கேட்கக்கூடும். பந்தயத் திடலில் ஓட்டிக் கெடுத்ததற்கும், தவறான கியரைப் போட்டு எஞ்சினை எல்லைக்கு அப்பால் சுழலவிட்டதற்கும் அவர்கள் பொறுப்பேற்க வேண்டியதில்லை. இத்தகைய மிகைச் சுழற்சியைப் பல கார்களின் கணினியே குறித்து வைத்துக்கொள்வதால் அதை நிரூபிப்பதும் அரிதன்று. ஆனால் 8,250 சுற்றை விளம்பரப்படுத்தி விற்றபின், 8,000 சுற்றில் ஓட்டியவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது தகாது. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மக்னூசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தார் என்பதையோ வேறு கம்பெனியின் உதிரிபாகத்தைப் போட்டார் என்பதையோ மட்டும் காட்டி வாரண்டியை மறுக்கலாகாது என்று விதித்தது. வாங்குபவரைச் சந்தேகிப்பதற்கு ஓர் எல்லை கட்டிய நல்ல சட்டம் அது. எனினும் கெடு முடிந்தபின் வெளிப்படும் வடிவமைப்புக் குறையை அது தீண்டுவதில்லை.

தீண்டுவதற்கு வழி இல்லாமலும் இல்லை. இதே பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இந்த எம்5-க்குச் சில ஆண்டுகள் முன்னர் விற்கத் தொடங்கிய எம்3 காரிலும் ஆறு சிலிண்டர் யந்திரத்தின் பேரிங்குகள் பழுதுபட்டன. அப்பொழுது அது 2001 முதல் 2003 வரை தயாரான கார்களைத் தானே அழைத்துப் பேரிங்குகளை இலவசமாக மாற்றித் தந்ததுடன், அமெரிக்காவில் அந்த எஞ்சினின் வாரண்டியை ஆறு ஆண்டு அல்லது 1,00,000 மைலாகவும் நீட்டியது. அந்தச் செயலால் கம்பெனிக்கு அவமானம் ஏதும் நேரவில்லை. அந்த எம்3 இன்று சேகரிப்பாளர்கள் போற்றும் காராக விளங்குகிறது. பத்துச் சிலிண்டர் யந்திரத்தின் பேரிங்குகளுக்கு அவ்வித அழைப்பு வரவேயில்லை.

இதனால் நஷ்டப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் வாங்கிய செல்வந்தர் அல்லர். அவர் வாரண்டி தீருமுன் விற்றுவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுகிறார். இளமையில் ஆசைப்பட்டு, பத்து ஆண்டு சேமித்து, பழைய காராக அதை வாங்கும் இரண்டாமவரோ மூன்றாமவரோதான் சுமையை ஏற்கிறார். வெளிக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாரண்டியை நீட்டிக்கொண்டாலும், தேய்மானத்தால் வந்த பழுதுக்குப் பணம் இல்லை என்ற ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் காத்திருக்கும். பேரிங் தேய்ந்ததைத் தேய்மானம் என்று சொல்வது அவர்களுக்கு மிக எளிது. ஆகவே வாங்குமுன் அவர் சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும். யந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது வரச்சொல்லி, தம் முன்னிலையில் கிளப்பச் செய்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். பேரிங் மாற்றிய அத்தாட்சி இல்லாவிடில் அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

கம்பெனிகள் செய்ய வேண்டியதோ இதைவிடச் சுலபமானது. உயர் சுழற்சி யந்திரத்தை விற்கும்போது, பிஸ்டன், ராடு, பேரிங் ஆகிய உள்ளுறுப்புகளுக்கு மட்டுமாவது எட்டு ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதத்தை, கார் எத்தனை கைகள் மாறினாலும் காரோடு செல்லும்படி எழுதித் தர வேண்டும். தாம் விதித்த ஆயிலும் சர்வீஸும் முறைப்படி நடந்திருப்பதை ரசீதுடன் காட்டுகிறவரிடம் வேறு வினா எதுவும் எழுப்பலாகாது.