"அதுவா சேர்? அது தீவு"

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பியின் மகன் ஒரு கேள்வி கேட்டான். அவன் திரும்பிப் போய் ஒரு மாதமாகிறது. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

"பெரியப்பா, போன வருசம் நோர்வேயில சின்னக் கப்பல் ஒண்டில ஒரு கிழமை தீவு தீவாச் சுத்தினனாங்கள். இஞ்ச அதைவிட வடிவாக் கிடக்கு. கப்பல் எங்க ஏறுறது?"

திருகோணமலை உட்துறைமுக வீதிக் கரையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது கேட்டான். எதிரே பச்சைக் குவியலாகப் பெரிய சோபர் தீவு, பக்கத்தில் சின்ன சோபர், தண்ணீர் கண்ணாடி மாதிரி. நாற்பது வருடம் பூமிசாத்திரம் படிப்பித்தவன் நான். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் எங்களுடையதும் ஒன்று என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! அந்தத் தீவுகளில் ஒன்றிலாவது கால் வைத்திருக்கிறேனா என்றால், இல்லை. கால் வைப்பதை விடுங்கள், அவற்றுக்கு நல்ல தமிழில் ஒரு பெயர்கூட என் வாயில் வருவதில்லை. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, கொட்டியாரம் என்று கரை முழுக்க எங்கள் பெயர்கள். தண்ணீருக்குள் போனால் சோபர், ரவுண்ட் ஐலண்ட் என்று வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனதுதான். போய்ப் பழகினால்தானே பெயர் வைக்கலாம்.

சரி, பிள்ளை கேட்டுவிட்டான் என்று அலையத் தொடங்கினேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, கடிதம் எழுதித் தாருங்கள் என்றார்கள். எத்தனை பேர், என்ன நோக்கம், எந்தப் படகு என்று விபரம் வேண்டுமாம். நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? 'பார்ப்பதற்கு' என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

துறைமுகம் என்றால் பாதுகாப்பு இருக்கத்தான் வேண்டும், அது எனக்கு விளங்காமல் இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊர் இது. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். பிறகு முப்பது வருடப் போர். ஆனால் பெரிய சோபரில் இப்போது தங்குவிடுதியே இருக்கிறது. காசு கட்டித் தங்குகிறவருக்குத் தீவு திறக்கும் என்றால், ஒரு பின்னேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னப் போகிறவனுக்கு ஏன் ஒரு வழி இல்லை?

கடைசியில் ஒரு போட்டுக்காரத் தம்பியைப் பிடித்தோம். பெற்றோல் விலையைச் சொல்லிச் சொல்லியே காசை ஏற்றினார். இருபது நிமிட ஓட்டம். அதில் பாதி நேரம் எஞ்சின் சத்தம், மீதி நேரம் அவருடைய கைப்பேசியில் குத்துப்பாட்டு. அவனோடு வந்திருந்த மருமகப் பெண் ஒவ்வொரு மேட்டையும் காட்டி "இது என்ன?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, "அதுவா சேர்? அது தீவு" என்றார். இரண்டாவதைக் காட்டினாள். "அதுவும் தீவுதான் சேர்." கிட்டப் போகலாமா என்றால், ஏலாது என்றார்.

புறாத்தீவுக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. கறுப்புத் துடுப்பு நுனிச் சுறாக்கள் முழங்காலளவு தண்ணீரில் நாய்க்குட்டி மாதிரி ஓடித் திரியும். அதைப் பார்க்க எத்தனை தரமும் போகலாம். ஆனால் இந்த ஊரில் தீவு என்று கேட்டால் எல்லாரையும் அந்த ஒன்றின் தலையிலேயே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் பவளப்பாறையில் ஏறி நின்று தம்படம் எடுத்துக்கொண்டிருந்தார். 'மிதிக்காதே' என்ற பலகை கரையில் இருந்தது. அவர் கடலுக்குள் நின்றார்.

திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குடாவின் வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழத்துக்கு இறங்குகிறது. அதனால் நீலத்திமிங்கிலமே கரைக்குக் கிட்ட வரும். அது மூச்சுவிட மேலே வந்தால் நாலு பக்கத்தாலும் போட்டுகள் விரட்டுகின்றன.

2023இல் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற பெரிய உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றத் தொடங்கியபோது ஊரே புளகாங்கிதப்பட்டது. வரட்டும், நல்லதுதான். அவ்வளவு பெரிய கப்பல் சோபருக்குள் நுழையாது. நான் கேட்பது அறுபது பேர் ஏறக்கூடிய ஒன்று.

அது எங்களிடம் இருந்தது. மூதூர் லோஞ்ச்!

நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் மூதூரில் அம்மாவின் அக்கா இருந்தார். தரையால் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதைப் படகில் ஏறி இறங்க வேண்டும். அதனால் எல்லாருக்கும் லோஞ்ச்தான். கோழிக்கூடு, சீனி மூட்டை, கச்சேரிக்கு வந்துவிட்டுத் திரும்பும் கிளாக்கர்மார், வெற்றிலை மெல்லும் ஆச்சிமார் எல்லாரும் ஒரே பலகையில். உட்துறைமுகத்தை விட்டு வெளிக்கிடும்போது பெரிய சோபர் ஒரு பக்கம், ஒல்லாந்தர் கோட்டை கட்டிய ஒஸ்டன்பேர்க் மேடு மறுபக்கம். ரவுண்ட் ஐலண்ட் வெளிச்சவீட்டைத் தாண்டினால் கொட்டியாரக் குடா விரியும். மகாவலி வந்து விழும் இடத்தில் தண்ணீரின் நிறமே மாறும். பெரியம்மாவின் ஆள் ஒருவர் எனக்கு நொக்ஸ் என்ற வெள்ளைக்காரனின் கதையை அங்கேதான் சொன்னார். பாய்மரம் முறிந்து திருத்த வந்த கப்பலில் இருந்தவன், 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறக்குறைய இருபது வருடம் திரும்பிப் போகவில்லை. இந்தக் குடாவுக்குக் கப்பலில் வந்து அதிக நாள் தங்கிய வெளிநாட்டான் அவனாகத்தான் இருக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும் அந்தப் பயணத்தை யாரும் உலா என்று சொன்னதில்லை. போர் வந்தது. பிறகு 2009இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், மற்றப் பாலங்களும் வந்தன, சனம் பஸ்ஸுக்கு மாறிவிட்டது. பாலத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாலம் முடியாமல் கிடந்ததால் இழுவைப் படகில் ஏறிய பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. கடலில் சட்டதிட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பியின் மகன் திரும்பிப் போவதற்கு முதல் நாள் நாங்கள் மூதூருக்குப் பஸ்ஸில்தான் போனோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் அவன் யன்னலால் கையை நீட்டிப் படம் எடுத்தான். படத்தில் பாலத்தின் கம்பிதான் விழுந்திருந்தது.

அதிகாரத்தில் இருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, கடிதத்துக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை கடல் எங்கள் பக்கம் அமைதியாகக் கிடக்கும். அந்த ஐந்து மாதமும் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஒரேயொரு லோஞ்ச் விடுங்கள். விலை அச்சடித்த ரிக்கற்றும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் இருக்கட்டும். பாட்டு வேண்டாம். சோபரைச் சுற்றி, வெளிச்சவீடு வரை போய், இருட்ட முன் திரும்பினால் போதும். முதல் ரிக்கற்றுக்கு நான் வரிசையில் நிற்கிறேன்.