தலைப்பு இல்லாத செலவு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று பிரிப்பான். கல்யாணத்தன்று என் சகதர்மிணியை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்து, இன்னும் முழித்துக்கொண்டிருப்பவன் நான்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் மிஷினை மிரட்டிய வலது கை, காபி டம்ளருக்குப் பயப்பட ஆரம்பித்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. இன்ஷூரன்ஸ் பணமும் வந்தது. 'அப்பாடா' என்று ஆம்புலன்ஸில் திருமுல்லைவாயில் திரும்பினோம்.

அசல் செலவு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது!

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். டயாபர், குளிப்பாட்டல், பிசியோதெரபி... பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டேன். சொன்ன சம்பளம், நான் எழுதிச் சம்பாதிப்பதைவிட அதிகம். "அந்த வேலைக்கு நானே வரட்டுமா?" என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸ்காரரிடம் கேட்டேன்.

"பேஷண்ட் அட்மிட் ஆனாத்தான் சார் க்ளெய்ம்."

"வீட்லதான் சார் அட்மிட் ஆகியிருக்கார். டிஸ்சார்ஜே கிடையாது."

மனுஷர் சிரிக்கவே இல்லை.

சர்க்கார் கதையும் ஏறக்குறைய அதுதான். 2024-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயதான எல்லோருக்கும் விரித்தார்கள். வருஷத்துக்கு 5 லட்சம் வரை. நல்ல காரியம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டில் படுத்தால்? முதியோர் உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்து, 2023-ல் 1,200 ஆனது. அதுவும் ஆதரவற்றவர்களுக்கு. அப்பாவுக்கு நான் ஆதரவாக இருக்கிறேனாம். என் பாஸ்புக்கைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. ஒரு அம்மா வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து, "விரலை மடக்குங்க ஐயா" என்றால் அப்பா எல்.கே.ஜி. பையன் மாதிரி மடக்குகிறார். நான் சொன்னால், "போடா, வேலையைப் பார்" என்கிறார்.

அவர்கள் இருப்பது இருபது நிமிஷம். மிச்சம் இருபத்து மூன்று மணி நாற்பது நிமிஷம்?

ஒரு ராத்திரி மாசக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சகதர்மிணி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல என் கணக்கு எங்க?"

"எந்தக் கணக்கு?"

"மாமாவுக்காக நான் விட்ட வேலை. மாசம் பதினாறாயிரம்."

பேனா நின்றுவிட்டது. டயாபருக்குத் தலைப்பு இருக்கிறது, மாத்திரைக்கு இருக்கிறது. இவளுக்கு இல்லை. என் நோட்டில் மட்டுமா? சர்க்கார் நோட்டிலும்தான்.

வெளியே சிலர் தலைப்புப் போட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் 1995-லிருந்து பராமரிப்பு இன்ஷூரன்ஸ். சம்பளத்தில் பிடிக்கிறார்கள், முதலாளியும் பங்கு போடுகிறார். வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் ரொக்கம் தருகிறார்கள். பார்த்துக்கொள்பவரின் பென்ஷனுக்கும் பணம் கட்டுகிறார்கள். ஜப்பானில் 2000-லிருந்து, 40 வயதானவர்களெல்லாம் சந்தா கட்டணும். பாதிச் செலவு சந்தாவில், பாதி வரிப்பணத்தில். கிழவர்கள் கூடக்கூட, இரண்டு ஊரிலும் சந்தா ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் சொல்லிவிடணும்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். இங்கே பாதிப் பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, எதில் பிடிப்பது? பக்கத்துக் கேரளாவைப் பார்க்கலாம். 2008-லேயே ஆதரவு சிகிச்சைக்குத் தனிக் கொள்கை போட்டு, பஞ்சாயத்துப் பணத்தில் நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய் வைத்தார்கள். 600 ரூபாயில் என்ன வரும்? ஒன்றும் வராது. ஆனால் நோட்டில் ஒரு தலைப்பு வந்துவிட்டதே!

நான் கேட்பது மூன்றுதான். இருபது நிமிஷம் வருகிற அதே திட்டத்தில், குளிப்பாட்டப் பழகிய ஒரு ஆள் வாரத்தில் இரண்டு நாள் வரட்டும். வார்டுக்கு ஒரு பகல் நேர மையம், காலையில் விட்டு சாயங்காலம் அழைத்து வர. பார்த்துக்கொள்பவள் பெயரில் ஒரு தொகை. இதற்குச் செலவாகும். ஆனால் படுக்கைப் புண் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த 5 லட்சத்தையும் சர்க்கார்தானே கொடுக்கணும்? வருமுன் செலவு, வந்தபின் செலவு... எது லாபம் என்று சொல்ல பி.காம். கூட வேண்டாம்.

எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்கு உதவப் புறப்பட்ட கோலமாம். திட்டம் போடுகிறவர்களும் இப்படி வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் தேவலை என்று சகதர்மிணியிடம் சொன்னேன்.

"நந்தி வரும்போது வரட்டும். மணி ரெண்டு. நீங்க எந்திரிங்க, மாமாவைப் புரட்டணும்."

எழுந்தேன். வரவா, பற்றா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.