கடிதத்தை முழுதாக வையுங்கள்

1844-ல் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஒற்றைத் தாள் கடிதம் அனுப்ப அமெரிக்க அரசு அஞ்சல் 18¾ சென்ட் வாங்கியது. இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகக் கணக்கானதால் மக்கள் கடிதத்தையே மடித்து ஒட்டி, அதன் முதுகில் முகவரி எழுதினார்கள். அந்த ஆண்டில்தான் லைசாண்டர் ஸ்பூனர் ‘அமெரிக்கன் லெட்டர் மெயில் கம்பெனி’யைத் தொடங்கி, டாலருக்கு 20 அஞ்சல் தலைகள் விற்றார். துணிச்சலான மனிதர். அரசு வழக்குகளால் நெருக்கியது. 1845-ல் காங்கிரஸ், அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 300 மைல் வரை 5 சென்ட் என்று கட்டணத்தைக் குறைத்து, தனியாருக்குக் கதவையும் அடைத்தது. ஸ்பூனரின் கம்பெனியும், அவரைப் போலவே தனியார் அஞ்சல் நடத்திய ஹேல் கம்பெனியும் கொண்டுசென்ற கடிதங்கள் இந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்கியவை. அவற்றிலிருந்து தலையை மட்டும் பெயர்த்து ஆல்பத்தில் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியாது. தேதி, ஊர், கம்பெனியின் முத்திரை, கட்டணம் கட்டியாயிற்றா என்ற குறிப்பு எல்லாம் தாளில்தான் இருக்கின்றன. போலிகள் மலிந்த துறை வேறு, பாஸ்டனில் எஸ். ஆலன் டெய்லர் 19ஆம் நூற்றாண்டிலேயே உள்ளூர் அஞ்சல் தலைகளைப் போலியாக அச்சிட்டு விற்றவர். தனித்த தலையைவிட, தேதியும் வழித்தடமும் ஒத்துப்போகும் முழுக் கடிதத்தைச் சோதித்துப் பார்ப்பது எளிது. வாங்குவதானால் அதையே வாங்குங்கள், கிழிந்திருந்தாலும்.