துபாய்... ஒரு திர்ஹாம் படகும் 828 மீட்டர் உயரமும்!

துபாய்னு சொன்னதும் நம்ம மனசுல ரெண்டு படம் ஓடும். ஒண்ணு, வானத்தைக் குத்திக்கிட்டு நிக்கிற புர்ஜ் கலீஃபா. இன்னொண்ணு, 'வெற்றிக்கொடி கட்டு' (2000) படத்துல வர்ற துபாய் ரிட்டர்ன் வடிவேலு. சிரிச்ச சிரிப்புல ஒரு விஷயத்தை மறந்துட்டோம். அந்தப் படத்தோட கதையே, துபாய் வேலைக்காக ஏஜென்ட்கிட்ட பணத்தைக் கட்டி ஏமாந்த ரெண்டு பசங்களைப் பத்தினதுதான். இந்த ரெண்டு துபாயும் ஒரே ஊர்லதான் இருக்கு பாஸ். நாலு நாள் கிடைச்சா ரெண்டையும் பார்த்துட்டு வரலாம்.

முதல் நாளே மாலுக்கு ஓடாதீங்க. பழைய ஊர்ல இருந்து ஆரம்பிங்க. ஊரை ரெண்டாப் பிளந்துக்கிட்டு உள்ளே வர்ற கடல் கால்வாய்க்குப் பேரு க்ரீக். ஒரு கரை பர்துபாய், எதிர்க்கரை டேரா. நடுவுல 'அப்ரா'ங்கிற மரப்படகு ஓடுது. டிக்கெட் ஒரே ஒரு திர்ஹாம்! கோட்டு போட்ட ஆபீஸரும், ஹெல்மெட்டைக் கையில பிடிச்ச தொழிலாளியும் ஒரே பலகையில முதுகு முட்ட உட்கார்ந்து வர்றாங்க. துபாய்ல நான் பார்த்ததுலயே பெஸ்ட் சவாரி இதுதான்.

இந்த க்ரீக்தான் ஊரோட அசல் ஆஸ்தி. எண்ணெய் கிடைச்சதே 1966-லதான். அதுக்கு முன்னாடியே கடன் வாங்கி, மண்ணடைஞ்சு கிடந்த இந்த க்ரீக்கை ஆழமாக்கி, பெரிய மரக்கலம் உள்ளே வர வழி பண்ணினார் ஷேக் ராஷித். இன்னொரு சேதி... 1966 வரைக்கும் இங்கே கடைகள்ல புழங்கினது நம்ம ரூபாய்! 1959-ல இருந்து வளைகுடாவுக்குன்னே தனி நோட்டு அடிச்சுக் கொடுத்தது நம்ம ரிசர்வ் வங்கி. இப்போ ஒவ்வொரு பில்லையும் மனசுக்குள்ள ரூபாயா மாத்திப் பார்த்து நமக்குத்தான் நெஞ்சு வலிக்குது.

பர்துபாய் கரையில அல் ஃபஹீதி ஏரியாவுல சும்மா நடங்க. ஈரான்ல இருந்து வந்த வியாபாரிகள் கட்டின வீடுகள். மொட்டை மாடியில சதுரமா ஒரு கோபுரம் நிக்கும். நாலு பக்கக் காத்தையும் பிடிச்சு வீட்டுக்குள்ள இறக்குற ஐடியா. கரன்ட் இல்லாத காலத்து ஏ.சி! எதிர்க்கரையில மசாலா கடைத்தெரு, தங்கக் கடைத்தெரு. பார்க்கறதுக்குக் காசு கேட்க மாட்டாங்க.

அப்புறம் மெட்ரோ. 2009 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கினது. டிரைவரே கிடையாது. 'நோல்' கார்டு ஒண்ணு வாங்கிட்டா மெட்ரோ, பஸ் எல்லாத்துக்கும் போதும். ஆனா கோல்டு கிளாஸ் பெட்டியிலயோ, பசங்க பெண்கள் பெட்டியிலயோ ஏறினா 100 திர்ஹாம் அபராதம். உள்ளே சாப்பிட்டாலும் அதே கதிதான். துபாய் மால் ஸ்டேஷன்ல இறங்கினா, மாலுக்குப் போக கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஏ.சி. நடைபாலம். கால் வலி கேரன்டி. மாலுக்கு வெளியே, ராத்திரி பாட்டுக்கு ஆடுற ஃபவுன்டன் ஓசி. மீன்காட்சியகத்தோட ராட்சசக் கண்ணாடியையும் வெளியே நின்னே பார்க்கலாம். 2022-ல திறந்த 'மியூசியம் ஆஃப் த ஃபியூச்சர்' கட்டடத்துல ஜன்னல்களே அரபி எழுத்துக்கள். என்னைக் கேட்டா அதுக்கு வெளியே நின்னு பார்க்கறதே போதும்.

இனி மெயின் மேட்டர். எங்க பெரியப்பா மகன் டேராவுல இருக்கார். முதுகுளத்தூர் பக்கம் சொந்த ஊர். ஏ.சி. மெக்கானிக். பதினோரு வருஷமா ஆறு பேர் ரூம்ல ஒரு 'பெட் ஸ்பேஸ்'. அதாவது, வாடகை ரூமுக்கு இல்ல, கட்டிலுக்கு! ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு சென்ட்டு, சாக்லேட்டுன்னு அள்ளிக்கிட்டு வர்றவர். "புர்ஜ் கலீஃபா மேல எப்படிண்ணே இருக்கும்?"னு கேட்டேன். "தெரியலயே தம்பி, நான் ஏறினதில்ல"ன்னார். "டிக்கெட்டுக் காசுல பாப்பாவுக்கு ஸ்கூல் வேன் கட்டிரலாம்."

நாங்க மூணு பேர் போயிருந்தோம். பங்கு போட்டு அவருக்கும் சேர்த்து நாலு டிக்கெட் எடுத்தோம். ஞாயித்துக்கிழமை, அவருக்கு லீவு. சூரியன் மறையுற நேரத்துக்கு விலை ஜாஸ்தி, அதனால காலையிலயே போயிட்டோம். லிஃப்ட்ல காது அடைக்குறதுக்குள்ள 124-வது மாடி!

கட்டடத்தோட மொத்த உயரம் 828 மீட்டர். 2010 ஜனவரி 4-ம் தேதி திறந்தாங்க. அதுவரைக்கும் புர்ஜ் துபாய்னு இருந்த பேரு, கடன் நெருக்கடியில கைகொடுத்த அபுதாபி ஆட்சியாளர் பேருக்கு அன்னிக்குத்தான் மாறுச்சு. இவ்வளவு உயரத்துல சூரியன் மறையுறதே லேட்டு. அதனால 80-வது மாடிக்கு மேல இருக்கறவங்க ரம்ஜான் நோன்பை ரெண்டு நிமிஷம் தாமதமாத் திறக்கணும்னு 2011-ல துபாய் மார்க்க அறிஞர்கள் சொன்னாங்க.

நாங்க கடல், செல்ஃபின்னு பிஸி. அண்ணன் மட்டும் கண்ணாடியில நெத்தியை ஒட்டவெச்சு எதையோ தேடிக்கிட்டிருந்தார். "அந்தா... வெள்ளையா ஒண்ணு தெரியுதா? மொத வருஷம் அதுலதான் டக்ட் வேலை பார்த்தேன். அதுக்குப் பக்கத்துல ரெண்டும் எங்க டீம்தான்." ஒவ்வொரு கட்டடமா விரலை நகர்த்திக்கிட்டே போனார். டிக்கெட்டோட கொடுக்கற ஆடியோ கைடுல இந்த டூர் வராது.

இந்த டவரைக் கட்டும்போது 2006 மார்ச்சுல, சம்பளத்தையும் நடத்துற விதத்தையும் எதிர்த்து சுமார் 2,500 தொழிலாளர்கள் கொந்தளிச்சாங்க. இப்போ ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்த மாசங்கள்ல நீங்களும் போகாதீங்க. நவம்பர் - மார்ச்தான் நமக்கு சரி.

கிளம்பறவங்களுக்கு ஒரு அவசர நோட்டு. கசகசா அங்கே போதைப்பொருள் லிஸ்ட்ல இருக்கு. குருமாவுக்குன்னு அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்துக்கே ஜெயில் வரைக்கும் போகலாம். மசாலாப் பொடியில கலந்திருக்கான்னு கேட்டுட்டுப் பெட்டியில வைங்க. "எங்க பையன்கிட்ட கொடுத்துரு கண்ணு"ன்னு யார் பார்சல் தந்தாலும், பிரிச்சுப் பார்க்காம வாங்காதீங்க. கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல. மாத்திரை சாப்பிடறவங்க அது அங்கே அனுமதிதானான்னு பார்த்து, டாக்டர் சீட்டோட போங்க.

எங்க அண்ணி கொடுத்துவிட்ட அதிரசம் மட்டும் ஒரு கேள்வியும் இல்லாம போய்ச் சேர்ந்துச்சு. ஆறு பேர் ரூம்ல அது அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கல!