உபகாரிகளின் படைகள்



சென்ற வாரம் வேதபாட வகுப்பு முடிந்தபின் வாலிபர் ஒருவர், "ஐயா, மேலைநாட்டார் பிற தேசங்களுக்குள் படை அனுப்புவது பாதுகாப்புக்காகவா, ஆதிக்கத்துக்காகவா?" என்று கேட்டார். அருகிலிருந்த சபைப் பெரியவர், "அவை கிறிஸ்தவ தேசங்களல்லவா, தம்பி" என்று முந்திக்கொண்டார். அவருடைய பதிலே என்னை எழுதத் தூண்டியது.

இதற்கு விடைதேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கயத்தாறு நமக்கு அருகில்தான் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று அங்கே வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கும்பெனியார் தங்களை ஆக்கிரமிப்பாளராக எண்ணவில்லை. 1792இல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை தங்களுக்கு உண்டென்றார்கள். அமைதியை நிலைநாட்டவே மேஜர் பானர்மேன் வந்தார் என்றார்கள். பாளையக்காரரும் குற்றமற்றவர்களல்லர். காவல் வரி என்ற பெயரில் அயல் கிராமங்களை அவர்கள் வருத்தியதும் உண்டு.

ஆயினும் முடிவைப் பாருங்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை இறுதியில், எந்த நவாபின் பெயரால் கப்பம் கேட்டார்களோ, அந்த நவாபின் ஆட்சியும் கும்பெனியின் கைக்குப் போயிற்று. காவலுக்கு வந்தவன் வீட்டுக்கு உடையவனானான். நாபோத்தின் திராட்சத்தோட்டம் பறிபோனபோதும் (1 இராஜாக்கள் 21) விசாரணையும் சாட்சிகளும் முறைப்படி இருந்தனவே!

இதில் நமக்கொரு சங்கடம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் 1785இல் கும்பெனிக் கோட்டையின் நிழலில்தான் எழும்பிற்று. அதைப் பிரதிஷ்டை செய்த சுவார்ட்ஸ் ஐயரை 1779இல் சென்னை ஆளுநர் ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பினார். ஐயர் மெய்யாகவே சமாதானத்தை வாஞ்சித்தார். அனுப்பியவர்களோ அதே ஆண்டில்தான் ஹைதரின் எச்சரிப்பை மீறி மாஹேயைக் கைப்பற்றியிருந்தார்கள். மறு ஆண்டு போர் மூண்டது. சுவிசேஷம் கொண்டுவந்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவரைப் பயன்படுத்திய அரசுக்கு அல்ல.

எல்லாப் படையெடுப்பும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. 1991இல் குவைத்தை மீட்ட கூட்டுப்படைகள் பாக்தாத் வரை போகாமல் நின்றன. அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்குத் தடையில்லை. 2003இலோ பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று சொல்லி ஈராக்கில் நுழைந்தார்கள். அவை அகப்படவேயில்லை. அதன்பின் எழுந்த குழப்பத்தில், அந்நாட்டின் கிறிஸ்தவர் தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்துபோயிற்று. நம் திருநெல்வேலிச் சபைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த திருச்சபைகள் அவை! "கிறிஸ்தவ தேசங்களின்" போர் அவர்களுக்குத் தந்தது இதுவே.

அடக்கி ஆளுகிறவர்களே உபகாரிகள் என்று அழைக்கப்படுவதை ஆண்டவர் தம் சீஷருக்குச் சுட்டிக்காட்டினார் (லூக்கா 22). அந்தப் பகுதியைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் வருகிற ஞாயிறு ஆராதனையில் மோசூல் நகரத்துத் திருச்சபைகளுக்கான மன்றாட்டைத் தாமே ஏறெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.